கார் தானாக பிரேக் பிடிக்கும் என்று இருந்துவிடலாமா?



மதுரைக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் நம் ஊர் நோயாளிகளுக்காக, வெளிநாட்டில் பணிபுரியும் சகோதரர்கள் சிலர் சேர்ந்து நமது அறக்கட்டளைக்கு ஒரு கார் வாங்கித் தந்திருப்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் போகும் வண்டியை நெருங்கினால் எச்சரிக்கை ஒலி எழுப்பவும், ஓட்டுநர் கவனிக்கத் தவறினால் தானே பிரேக் பிடிக்கவும் வசதியுள்ள கார் அது. "நோயாளிகள் பயணிக்கும் வண்டி, பாதுகாப்பில் குறை வைக்கக் கூடாது" என்று சொல்லியே அந்தச் சகோதரர்கள் கூடுதல் பணம் கொடுத்து அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சில மாதங்களுக்கு முன், சிகிச்சை முடிந்த ஒரு மூதாட்டியையும் அவருடைய மகளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கார் மதுரையிலிருந்து திரும்பியது. மஃரிப் நேரம் கடந்து இருட்டிவிட்டது. பரமக்குடியைத் தாண்டிய பிறகு, பின்விளக்கு இல்லாமல் விறகு ஏற்றிச் சென்ற ஒரு டிராக்டர் டிரெய்லர் திடீரென்று கண்ணில் பட்டது. ஓட்டுநர் தம்பி முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தார். டிரெய்லருக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றது. மோதவில்லை. ஆனால் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த மூதாட்டி முன் இருக்கையில் மோதி, அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மறுநாள் ஓட்டுநரிடம் விசாரித்தோம். எச்சரிக்கை ஒலித்ததா என்று கேட்டோம். "இல்லை காக்கா, அதை இரண்டு வாரத்துக்கு முன்பே ஆஃப் செய்துவிட்டேன். சும்மா சும்மா கத்திக்கொண்டே இருந்தது" என்றார். அவரைக் கண்டிக்க வாயெடுத்தபோதுதான் எங்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம் அறக்கட்டளை வேலையாக அதே காரில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனபோது, "இந்தச் சத்தத்தை நிறுத்த வழியில்லையா தம்பி?" என்று கேட்டது நாங்கள்தான். அந்த வசதி இயங்கியிருந்தால் அன்று நிச்சயம் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஏன் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறோம். ஆனால் அது ஏன் கத்துகிறது என்று ஒருமுறைகூடக் கேட்காமல் வாயை மூடச் சொன்னது எங்கள் தவறு. மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று அதை ஒப்புக்கொண்டோம். அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். "மற்றவங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

நம் மஹல்லாவில் இப்போது இந்த வசதியுள்ள கார்கள் பல வந்துவிட்டன. விடுமுறையில் வரும் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அவர்கள் திரும்பிப் போனதும் வாப்பாவோ மருமகனோ ஓட்டுகிறார்கள். ஷோரூமில் காட்டிய இரண்டு நிமிட விளக்கத்தைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. முதலாவது, மோதல் எச்சரிக்கை. முன்னால் உள்ள வண்டியோடு மோதிவிடும் நிலை வருகிறது என்று கணக்கிட்டால், ஒலியாலும் திரையில் ஒளிரும் குறியாலும் ஓட்டுநரை எச்சரிக்கும். இரண்டாவது, தானியங்கி அவசர பிரேக். எச்சரித்தும் ஓட்டுநர் ஒன்றும் செய்யாவிட்டால், அல்லது போதிய அளவு பிரேக்கை மிதிக்காவிட்டால், கார் தானே பிரேக் பிடிக்கும்.

இதற்குக் காருக்கு இரண்டு வகையான கண்கள் உண்டு. ஒன்று, முன்பக்க பம்பரிலோ கிரில்லிலோ பொருத்தப்பட்ட ராடார். அது ரேடியோ அலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்புவதைக் கொண்டு எதிரே உள்ள பொருளின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. மற்றொன்று, முன் கண்ணாடியின் உள்பக்கம், பின்னோக்கும் கண்ணாடிக்கு அருகில் உள்ள கேமரா. எதிரே இருப்பது காரா, பைக்கா, மனிதரா என்று உருவத்தை வைத்து அடையாளம் காண்பது அதன் வேலை. சில கார்களில் இரண்டும் இருக்கும். சிலவற்றில் கேமரா மட்டும் இருக்கும்.

இந்த வசதி பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் உண்மையான விபத்துப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எச்சரிக்கை மட்டும் உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தில் மோதுவது 27 சதவீதம் குறைந்திருந்தது. தானியங்கி பிரேக்கும் சேர்ந்த கார்களில் 50 சதவீதம் குறைந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் இந்த பிரேக் கட்டாயம்.

நம் நாட்டுக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு: 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு நாட்டில் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை.

அது ஏன் கத்துகிறது?

"சும்மா சும்மா கத்துகிறது" என்பதே எல்லோருடைய புகாரும். சில நேரம் அது தவறாகக் கத்துவது உண்மைதான். வளைவில் ஓரமாக நிற்கும் வண்டியைப் பார்த்தும், குறுக்கே புகுந்து போய்விட்ட பைக்கைப் பார்த்தும் அது பதறும். ஆனால் நம் ஓட்டுநரோடு ஒருவாரம் முன் இருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டு வந்தோம். பெரும்பாலான சமயம் காரணம் ஒன்றுதான்: முன்னால் போகும் வண்டியை நாம் ஒட்டிக்கொண்டு போயிருந்தோம். அதுவரை குற்றவாளி என்று நினைத்த கருவி உண்மையில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 33 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு காய்ந்த நல்ல சாலையில் நிற்பதற்கு இன்னும் ஏறக்குறைய 35 மீட்டர் தேவை. ஆக, கிட்டத்தட்ட 70 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் இது ஏறக்குறைய 100 மீட்டர் ஆகிவிடும். மழையில் நனைந்த சாலையிலும் தேய்ந்த டயரிலும் இன்னும் கூடும்.

மீட்டரை யாரும் அளந்துகொண்டு ஓட்ட முடியாது. அதனால் மூன்று நொடிக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லையோ விளக்குக் கம்பத்தையோ கடக்கும்போது, "நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நம் கார் அந்த இடத்தை அடைந்துவிட்டால் நாம் மிக நெருக்கமாகப் போகிறோம் என்று பொருள். இரவிலும் மழையிலும் இன்னும் இரண்டு நொடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இடைவெளி விட்டால் வேறு வண்டி புகுந்துவிடுமே" என்பார்கள். புகட்டும். நாம் மறுபடி கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளலாம். ஒரு வண்டி புகுவதால் நமக்கு ஆகும் தாமதம் இரண்டு மூன்று நொடிதான். மதுரை போய்ச் சேர்வதற்குள் பத்து வண்டிகள் புகுந்தாலும் அரை நிமிடம்தான் தாமதம்.

அதற்குக் கண் தெரியாத இடங்கள்

இந்தப் பகுதியை வீட்டில் கார் ஓட்டும் எல்லோரும் அவசியம் படிக்க வேண்டும்.

இருட்டு: மேலே சொன்ன அதே ஆய்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், பாதசாரிகளை அடையாளம் காணும் பிரேக் உள்ள கார்களில் பாதசாரிகள் மீதான மோதல் மொத்தத்தில் 27 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் விளக்கு இல்லாத இருண்ட சாலைகளில் எந்தக் குறைவும் காணப்படவில்லை. நம் பகுதியில் இரவில் எத்தனை கிலோமீட்டர் விளக்கில்லாமல் கிடக்கிறது என்று நமக்கே தெரியும்.

நின்றுகொண்டிருக்கும் வண்டி: சாலையோரப் பலகை, பாலத்தின் இரும்பு போன்ற அசையாத பொருள்களில் பட்டும் ராடார் அலைகள் திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் கார் ஓடவே முடியாது என்பதால், அசையாதவற்றில் பலவற்றை அது பொருட்படுத்தாமல் விடுகிறது. ஆகவே அதிக வேகத்தில் போகும்போது, நெடுஞ்சாலையில் நிறுத்தப்பட்டிருக்கும் லாரியை அது காணத் தவறலாம். கண்டாலும் தாமதமாகக் காணலாம்.

மழை, பனிமூட்டம், எதிர்வெயில்: கேமராவும் நம் கண்ணைப் போன்றதே. விமான நிலையத்தில் பிள்ளையை வழியனுப்பிவிட்டுக் காலையில் மதுரையிலிருந்து கிழக்கு நோக்கித் திரும்பும்போது சூரியன் நேர் எதிரே இருக்கும். நமக்குக் கண் கூசும் அதே நேரத்தில் அதற்கும் கூசும்.

ஆடு, மாடு, நாய், மாட்டுவண்டி, விறகு டிரெய்லர்: கார், பைக், மனிதர் ஆகிய உருவங்களை அடையாளம் காணவே பெரும்பாலும் இவை பழக்கப்படுத்தப்பட்டுள்ளன. லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அதற்குத் தனியாகத் தெரியாமல் போகலாம்.

குறுக்கே வருவதும் எதிரே வருவதும்: சந்தில் இருந்து பாயும் ஆட்டோ, தவறான திசையில் வரும் பைக், இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து ஓடிவரும் குழந்தை ஆகியோர் விஷயத்தில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. இயந்திரம் எவ்வளவு விரைவாக முடிவெடுத்தாலும் கார் நிற்பதற்குத் தேவையான தூரம் குறைந்துவிடாது.

இதற்கு மேல், ஒவ்வொரு மாடலுக்கும் வேக எல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழும் மேலும் அது வேலை செய்யாது. பாதசாரிக்கான எல்லை, காருக்கான எல்லையைவிடப் பெரும்பாலும் குறைவு. உங்கள் காருடைய கையேட்டில் அந்த எண்கள் இருக்கும். டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கும் அந்தப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பார்த்து, எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இப்போது அந்த டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். இருட்டு, விளக்கில்லை, வழக்கமான உருவமும் இல்லை. வசதி இயங்கியிருந்தாலும் காப்பாற்றியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றது இதனால்தான். ஆனாலும் பிரேக் மூன்றில் ஒரு நொடி முன்னதாகப் பிடித்திருந்தாலும் அதன் பலன் பெரிது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 80 கி.மீ. வேகம் 40 ஆகக் குறைந்தால், மோதலின் ஆற்றல் பாதியாக அல்ல, நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

நாமே அதன் கண்ணை மூடுகிறோம்

முன் கண்ணாடியின் நடுவில், மேலே, கேமராவுக்கு நேராக "மாஷா அல்லாஹ்" என்றோ 786 என்றோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் கார்களைப் பார்க்கிறோம். பின்னோக்கும் கண்ணாடியில் தஸ்பீஹ் மாலையும் தொங்கும். நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் கேமராவின் பார்வையை அது மறைத்தால் பாதுகாப்பைக் குறைத்துவிடும். கண்ணாடியின் அந்தப் பகுதியில் எதையும் ஒட்டாதீர்கள், தொங்கவிடாதீர்கள். பயண துஆவை ஓதிவிட்டுப் புறப்படலாம். அதற்குக் கண்ணாடியை மறைக்கத் தேவையில்லை.

முன்பக்கம் இரும்பு பம்பர் கார்டு மாட்டாதீர்கள். அது ராடாரை மறைக்கும். அதோடு, மத்திய அரசு 2017-லேயே அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்திருக்கிறது. பம்பரில் சேறும் முன் கண்ணாடியில் பூச்சிகளும் படிந்திருந்தால் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். முன் கண்ணாடியை மாற்றினாலோ, பம்பரைப் பட்டி பார்த்து வண்ணம் அடித்தாலோ, முன்பக்கம் சிறிய இடி பட்டாலோ, கேமராவையும் ராடாரையும் மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கேமரா சற்றே விலகியிருந்தாலும் தொலைவில் அது பார்க்கும் இடம் மாறிவிடும். இந்த வசதி இயங்கவில்லை என்று டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்வது?

ஒன்று: திரையைப் பார்க்காதீர்கள், சாலையைப் பாருங்கள். என்ன குறி வந்தது என்று படிக்கும் நேரத்தில் இருபது முப்பது மீட்டர் போய்விடும்.

இரண்டு: ஆபத்து உண்மையானால் பிரேக்கை முழுமையாக மிதியுங்கள். "அதுதான் பிடிக்கிறதே" என்று காலை எடுக்காதீர்கள். பெடல் காலுக்கடியில் துடிப்பது டயர் வழுக்காமல் இருக்க ஏ.பி.எஸ். செய்யும் வேலை, பயந்து விடாதீர்கள்.

மூன்று: பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீர்கள். பல கார்களில் ஆக்ஸிலேட்டரை வலுவாக மிதித்தாலோ ஸ்டியரிங்கை வேகமாகத் திருப்பினாலோ, ஓட்டுநர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எடுத்துக்கொண்டு தானியங்கி பிரேக் விலகிவிடும்.

நான்கு: கார் நின்ற பிறகும் பிரேக்கில் கால் இருக்கட்டும். பல மாடல்களில் நின்ற சில நொடிகளில் தானியங்கி பிரேக் விடுபட்டுவிடும். கியர் மாற்றி ஓட்டும் காரில் கிளட்சை மிதிக்காவிட்டால் என்ஜின் அணைந்துவிடும்.

ஐந்து: பின்னால் வருபவரையும் நினையுங்கள். நம் கார் சட்டென்று நிற்கும்போது, ஒட்டி வரும் பைக் நம்மீது மோதலாம். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டே வந்தால் வேகத்தை மெல்லக் குறைத்து அவரை முந்திப்போக விடுங்கள்.

ஒலி தொல்லையாக இருந்தால், எச்சரிக்கையை முன்கூட்டியா, இயல்பாகவா, தாமதமாகவா தர வேண்டும் என்று மாற்றும் அமைப்பு பெரும்பாலான கார்களில் உண்டு. நெரிசலான கடைவீதியில் தாமதத்தில் வைக்கலாம். நெடுஞ்சாலை ஏறுமுன் முன்கூட்டியே எச்சரிக்கும்படி மாற்றிவிடுங்கள். முழுவதுமாக அணைக்க வேண்டிய சமயங்கள் மிகச் சில. காரை இழுத்துச் செல்லும்போதும், பணிமனையில் உருளைமேல் ஏற்றிச் சோதிக்கும்போதும், இயந்திரத்தில் கழுவும்போதும் அணைக்கலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் இயக்கிவிட வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இது வேலை செய்கிறதா என்று பார்க்க அட்டைப்பெட்டியை வைத்தோ, நண்பனை நிற்கவைத்தோ சோதிக்காதீர்கள். இப்படிப்பட்ட காணொளிகளைக் கண்டு யாரும் ஏமாற வேண்டாம். பத்து முறை நின்ற கார் பதினோராவது முறையும் நிற்கும் என்று எந்தத் தயாரிப்பாளரும் எழுதிக் கொடுப்பதில்லை.

பின் இருக்கையில் இருப்பவர்கள்

கார் தானாக பிரேக் பிடிக்கும்போது முன்னறிவிப்பு இருக்காது. உள்ளே இருப்பவர்கள் கம்பியையோ இருக்கையையோ பிடித்துக்கொள்ள அவகாசம் கிடையாது. ஆகவே இந்த வசதியுள்ள காரில் பின் இருக்கை பெல்ட் இன்னும் அவசியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி பெல்ட் அணியாததற்கு 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைவிட அந்த மூதாட்டியின் மணிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காரும் பழக்கத்தை உம்மாமார்கள் விட்டுவிட வேண்டும். திடீர் பிரேக்கில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பின் கண்ணாடி ஓரத்தில் பிரியாணிச் சட்டியும் தண்ணீர்க் குடமும் வைக்காதீர்கள், டிக்கியில் வையுங்கள்.

அறக்கட்டளை எடுத்துள்ள முடிவுகள்

நிர்வாகக் குழு கூடி, நம் காருக்கு நான்கு விதிகள் வகுத்துள்ளோம். எச்சரிக்கையும் தானியங்கி பிரேக்கும் எப்போதும் இயங்க வேண்டும். நிர்வாகிகள் உட்பட யார் சொன்னாலும் அணைக்கக் கூடாது. பின் இருக்கையில் எல்லோரும் பெல்ட் போட்ட பிறகே கார் புறப்படும். இரவில் வேகம் 70 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. சிகிச்சை முடியத் தாமதமானால் நோயாளியும் துணைக்கு வந்தவரும் மதுரையில் தங்கிக் காலையில் திரும்பலாம். அந்தச் செலவை அறக்கட்டளை ஏற்கும்.

இந்த வசதி இல்லாத பழைய கார் வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம். மூன்று நொடி இடைவெளி, நல்ல டயர், பெல்ட், நிதானமான வேகம், போதிய தூக்கம் ஆகிய ஐந்தும் எந்தக் காருக்கும் பொருந்தும். புதிய காரில் இருப்பது இந்த ஐந்துக்கும் மேலாக ஒரு துணை. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறோம். இயந்திரத்தை நம்பிக் கயிற்றை அவிழ்த்துவிடக் கூடாது.

வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

1. நம் காரில் தானியங்கி பிரேக் எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரை வேலை செய்யும்?
2. இப்போது அது இயங்குகிறதா, யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா?
3. கேமராவுக்கும் ராடாருக்கும் முன்னால் ஏதாவது மறைக்கிறதா?
4. நெடுஞ்சாலையில் நாம் மூன்று நொடி இடைவெளி விடுகிறோமா?
5. பின் இருக்கையில் எல்லோரும் பெல்ட் போடுகிறார்களா?

இந்த வாரம் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த ஐந்துக்கும் பதில் தேடுங்கள். கையேட்டில் புரியாதது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். நம் ஓட்டுநர் தம்பி காரிலேயே காட்டி விளக்குவார். ஒரு மாதமாகப் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுக்கிறார். மூதாட்டியின் கைக்கட்டு பிரித்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். சென்ற வாரம் மறுபடி அதே காரில் மதுரைக்குப் புறப்பட்டார். ஏறி உட்கார்ந்ததும் முதலில் பெல்ட்டைத்தான் தேடினார்.